ஆ-ஹா குழுவின் பழைய கசெற்: இது 1984 ஆம் ஆண்டுப் பதிப்பா?

கல்லடிப் பாலத்தடி:

வணக்கம். எண்பதுகளில் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு ஆங்கிலப் பாட்டுக் கேட்டவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன்.

சென்ற மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது என் அண்ணாவின் கசெற் ஒன்று கிடைத்தது. அறுபது நிமிட ரீ.டீ.கே கசெற், உறையில் நீல மையினால் ‘ஆஹா – 1988’ என்று அவருடைய கையெழுத்து. நோர்வே நாட்டு ஆ-ஹா குழுவின் பெயரை அவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார். பக்கத்தில் ஒரு வியப்புக்குறியையும் போடலாமே என்று நான் கேலி செய்தபோது, நோர்வேக்காரருடைய மொழியிலும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான் என்று சொல்லி என் வாயை அடைத்தது நினைவிருக்கிறது.

மகனைக் கொண்டு அதைக் கணினிக்கு மாற்றினேன். முதற்பாட்டு ‘டேக் ஒன் மீ’. ஆனால் இணையத்தில் இன்று கேட்கும் பாட்டுப் போல அது இல்லை. வேகம் கூடியிருக்கிறது, மோர்ட்டன் ஹார்க்கெற்றின் குரல் மெலிந்து, உச்சத்துக்குப் போகும் இடத்தில் பெண்குரல் போலவே ஆகிவிடுகிறது, தொடக்கத்தில் வரும் அந்தச் சிந்தசைசர் இசை, பால்மாப் பேணியில் விரல் நகத்தால் தட்டுவதுபோல் கிணுகிணுக்கிறது. இந்தப் பாட்டுக்கு 1984 இல் வேறொரு பதிப்பு வெளிவந்து எடுபடாமற் போனதாக எங்கோ வாசித்திருக்கிறேன். எங்களிடம் இருப்பது அதுதானா? அப்படியானால் அது 1988 இல் மட்டக்களப்புக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும்?

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அண்ணா வானொலி அறிவிப்பாளர் போல இரண்டு வசனம் பேசியிருக்கிறார். அவருக்கு அப்போது இருபது வயது. கசெற்றில் கேட்பதோ பத்தாம் வகுப்புப் பிள்ளையின் குரல். மைக்கின் குறையாக இருக்கும்.

இந்தக் குழுவை நீங்கள் முதன்முதலில் எங்கே கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மீன் பாடும் தேன்நாடான மட்டக்களப்பின் மக்களுக்கு இசை இரத்தத்திலேயே ஊறியது என்ற விளக்கம் மட்டும் வேண்டாம். அதைப் பரிசளிப்பு விழாக்களில் போதுமான அளவு கேட்டாயிற்று.

மருதமுனைத் தறிக்காரன்:

அக்கா, அது 1984 ஆம் ஆண்டுப் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த கசெற்றுகளில் எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. என் வாப்பா 1986 இல் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது இரட்டைக் கசெற் ரேப் ஒன்றும், ஒரு காலணிப் பெட்டி நிறையக் கசெற்றுகளும் கொண்டுவந்தார். அந்தப் பெட்டியில்தான் எனக்கு ஆ-ஹா கிடைத்தது.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தறிக்கொட்டில். மூத்தவாப்பா சாரன் நெய்துகொண்டிருப்பார். நான் நூல் சுற்றும் சாக்கில் ரேப்பைப் போட்டுவிடுவேன். தறியில் காலால் மிதிப்பதும் கையால் கயிற்றை இழுப்பதும் ஒரே தாளத்தில் போகவேண்டும். இந்தப் பாட்டு வந்தால் அவரையறியாமலே கால் விரைந்து நூல் அறுந்துபோகும். “அந்த வெள்ளைக்காரனை நிற்பாட்டு, அவன் என் பாவு நூலை அறுக்கிறான்” என்பார். ஆனால் ‘ஹன்டிங் ஹை அன்ட் லோ’ என்ற மெதுவான பாட்டுக்கு அவர் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

‘டேக் ஒன் மீ’யின் வீடியோவை நான் பார்த்தது தற்செயலாக. ஒரு பெருநாளுக்கு ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப்படம் பார்த்தோம். படம் முடிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டிருந்தது; அதில் முன்பு யாரோ பதிந்திருந்ததன் மிச்சம் திடீரென்று வந்தது. தேநீர்க்கடையில் ஒரு பெண் சித்திரக்கதை வாசிக்கிறாள். பென்சிலால் வரைந்த ஆண் ஒருவன் பக்கத்துக்குள்ளிருந்து கண்சிமிட்டுகிறான். வரைந்த கை ஒன்று புத்தகத்தை விட்டு வெளியே நீள்கிறது. கூடத்தில் உறங்கப்போனவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே நானும் மச்சானும் அதைப்போலச் செய்யப் புறப்பட்டோம். சாரனுக்கு டிசைன் வரையும் கட்டக் காகிதம் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. மச்சான் ஓடுவதுபோல் பதினொரு படம் வரைந்து, ஓரத்தைப் பிடித்து விரலால் புரட்டிப் பார்த்தோம். பதினொன்றும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிட்டன. அவன் ஓடவில்லை, வலிப்பு வந்தவன்போல் ஒருமுறை துள்ளினான். ஸ்டீவ் பரன் இயக்கிய அந்த வீடியோவுக்காக மைக்கல் பற்றர்சன், கண்டஸ் ரெக்கிங்கர் என்ற இருவரும் ஏறக்குறைய 3000 படச்சட்டங்களைக் கையால் வரைந்தார்கள் என்பதையும், அந்த வேலைக்கு 16 வாரங்கள் சென்றன என்பதையும் பிற்காலத்தில் அறிந்தபோதுதான் எங்கள் பதினொன்றின் அருமை விளங்கியது. உயிருள்ள நடிகர்களைப் படம்பிடித்து, அதன் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்து வரைவார்களாம். நாங்களோ நினைவிலிருந்து வரைந்தோம்.

அரசடிக் கீபோர்ட்காரன்:

தம்பி தறிக்காரன் பாட்டை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். பதிப்பைத்தான் தவறாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

வரலாறு இப்படி. மோர்ட்டன் ஹார்க்கெற், மக்னே ஃபுரூஹோல்மன், போல் வாக்டார் ஆகிய மூவரும் 1982 இல் ஒஸ்லோவில் சேர்ந்து குழுவைத் தொடங்கி, பிறகு இலண்டனுக்குப் போனார்கள். ‘டேக் ஒன் மீ’யின் அந்தத் தொடக்க இசை அதற்கு முன்பே, மக்னேயும் போலும் நடத்திய இன்னொரு குழுவின் காலத்திலிருந்து அவர்களிடம் கிடந்தது. 1984 இல் ரோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரித்த பதிப்பு வெளிவந்தது. பிரித்தானியாவில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிறகு அலன் டார்னி என்ற தயாரிப்பாளரைக் கொண்டு மறுபடியும் பதிந்தார்கள். அதுவும் முதற்தடவை அங்கே ஓடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தம்பி சொன்ன அந்தப் பென்சில் வீடியோவோடு மூன்றாம் முறையாகக் கடைக்கு வந்தபோதுதான் பிரித்தானியாவில் இரண்டாம் இடத்துக்கும், 1985 ஒக்டோபரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போனது. ஒரே பாட்டை மூன்றுமுறை சந்தைக்குக் கொண்டுபோகும் பிடிவாதம் எங்கள் வட்டையில் நெல் விதைப்பவர்களுக்கு மட்டுமே உண்டென்று எண்ணியிருந்தேன்.

1985 இல் வந்த முதல் அல்பத்தில் இருப்பது டார்னி பதிப்பு. கசெற்றில் இரண்டாவதாக ‘ட்ரெயின் ஒஃப் தோட்’டும் மூன்றாவதாக ‘ஹன்டிங் ஹை அன்ட் லோ’வும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அது அல்பத்தின் வரிசை. அண்ணா அல்பத்திலிருந்தே எடுத்திருக்கிறார்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வசனத்தில்தான் விடை இருக்கிறது. பாட்டுக்கு வேறு பதிப்பு இருக்கலாம். அண்ணாவுக்கு வேறு பதிப்பு இராது. பாட்டோடு சேர்ந்து அவருடைய குரலும் மெலிந்திருக்கிறது என்றால் குறை நாடாவின் வேகத்தில் இருக்கிறது. கசெற் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். பதியும் ரேப்பின் பற்றறி இறங்கி நாடா மெதுவாக ஓடியிருந்தால், அதைச் சரியான வேகத்தில் ஓடும் இன்னொரு ரேப்பில் போடும்போது எல்லாமே விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்கும். பற்றறி இறங்கினால் பாட்டு இழுபடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கேட்கும்போது இறங்கினால் அப்படி. பதியும்போது இறங்கினால் நேர்மாறு.

வீட்டில் கீபோர்ட் இருந்தால் சோதித்துவிடலாம். பல்லவியின் முதற்சொல்லில் ஹார்க்கெற் தாழ்ந்த ‘ஏ’ சுரத்தில் தொடங்கி, பல்லவி முடியும் இடத்தில் இரண்டரை எண்மத்துக்கு (ஒக்டேவுக்கு) மேலே உள்ள ‘ஈ’ சுரத்துக்குப் போகிறார். அந்த ‘ஈ’ உங்கள் கசெற்றில் எந்தக் கட்டையில் விழுகிறது என்று பாருங்கள்.

என் நினைவையும் கேட்டீர்கள். தொண்ணூறுகளில் கலியாண வீடுகளில் வாசித்த இசைக்குழு ஒன்றில் நான் கீபோர்ட். அந்தத் தொடக்க இசை இசைத்தட்டில் ரோலண்ட் ஜூனோ-60 என்ற சிந்தசைசரில் ஒலிப்பது. தாளம் லின்ட்ரம் என்ற இயந்திரம். எங்களிடம் இருந்ததோ சிறிய கசியோ ஒன்று. அதன் கட்டைகள் விரலுக்கு இறுக்கம். பாட்டோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 அடி வேகம். வலக்கை மணிக்கட்டு கடுக்கும்வரை பழகித்தான் அதைப் பிடித்தேன். பாடுவதற்கு மட்டும் எங்களில் ஒருவராலும் முடியவில்லை. ஒரு பாடகர் துணிந்து முயன்ற அன்று, அந்த உயரத்தில் அவருடைய குரல் உடைந்த விதத்தைக் கண்டு மணமகளின் பாட்டி தண்ணீர் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு பந்திக்கு ஆட்களை அழைக்கும் நேரத்தில் பாட்டில்லாமல் இசையை மட்டும் வாசித்தோம்.

கல்லடிப் பாலத்தடி:

நன்றி. வரிசை நீங்கள் சொன்னதேதான். மகளின் கீபோர்ட்டில் வைத்துப் பார்த்தோம்: ‘ஈ’ விழவேண்டிய இடத்தில் ‘எஃப்’ விழுகிறது. ஆனால் ஒரு சிக்கல். மூன்றாவது பாட்டை இணையத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் அரைச் சுரமன்று, ஏறக்குறைய ஒரு முழுச்சுரம் உயர்ந்திருக்கிறது. ஒரே கசெற், ஒரே பக்கம்.

எங்கே பதிந்தார் என்பதும் இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் பெரியம்மாவின் வீடு. மின்சாரம் இல்லை. மண்முனைப் பாலம் 2014 இல்தானே திறந்தார்கள். அந்தக் காலத்தில் மண்முனைத் துறையில் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். அண்ணா ரேப்பைச் சாரனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்கும் பக்கத்துக்கு என்னை உட்கார வைத்தார். பெரியம்மாவின் மகனிடம் இன்னொரு ரேப்பும், யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த அசல் கசெற்றும் இருந்தன. அந்த ரேப்பை உழவு இயந்திரத்தின் பற்றறியில் கொழுவிப் பாட்டைப் போட்டார்கள். அண்ணாவின் ரேப்பில், வெயிலில் காயவைத்து எடுத்த நான்கு பெரிய பற்றறிகளைப் போட்டுப் பதிந்தார்கள். பற்றறிகளை ஓலைப்பாயில் வரிசையாக அடுக்கி, கோழி கிளறாமல் காவலிருந்தது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

திருக்கோவில் மொழிபெயர்ப்பாளர்:

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. குழுவைப் பற்றிய ஒரு நினைவு மட்டும் இருக்கிறது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து, நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுவலகம் திறந்திருந்த காலத்தில், நான் சில மாதங்கள் அவர்களுக்கு மொழிபெயர்த்தேன். ஒருநாள் அக்கரைப்பற்றில் ஒரு தேநீர்க்கடையில் நோர்வேக்காரர் ஒருவருடன் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து முறைப்பாடு கேட்டுக் களைத்திருந்தோம். என்னையறியாமல் அந்தத் தொடக்க இசையை மேசையில் விரலால் தட்டிவிட்டேன். அவர் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சி இல்லை, சலிப்புத்தான் இருந்தது. உலகில் எங்கே போனாலும் தன் நாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் ஒன்றில் குளிரைக் கேட்கிறார்கள், அல்லது இந்த ஒரு பாட்டைச் சொல்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகும் அவர்கள் அல்பம் வெளியிட்டது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஜேம்ஸ் பொண்ட் படமொன்றுக்கு 1987 இல் அவர்கள் பாடியது தெரியும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

அடுத்த கிழமை இரண்டு சீடீக்கள் தந்தார்: 1986 இல் வந்த ‘ஸ்கவுண்ட்ரல் டேய்ஸ்’, 2000 இல் வந்த ‘மைனர் ஏர்த் மேஜர் ஸ்கை’. முதலாவதை நான் இன்றும் கேட்கிறேன். என் எண்ணத்தில் அதுதான் அவர்களுடைய சிறந்த அல்பம்; முதல் அல்பத்தில் உள்ள பளபளப்பு இதில் இல்லை, இரவுநேரத்து அச்சம் ஒன்று இருக்கிறது, சிந்தசைசர் அதற்குத்தான் பொருத்தமான கருவி. 1991 இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் 198,000 பேர் நுழைவுச்சீட்டு வாங்கி அவர்களைப் பார்க்க வந்து உலக சாதனையானது. அதே ஆண்டில் அவர்களை ‘ஒற்றைப் பாட்டுக் குழு’ என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். இங்கே நாங்களும் அதே பாட்டிலேயே நிற்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

ஹார்க்கெற்றுக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். அன்றிரவு அந்த இரண்டு சீடீக்களையும் தேடி எடுத்தேன். இரண்டாவதில் பூஞ்சணம் பிடித்துவிட்டது; எங்கள் கடற்கரைக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

மருதமுனைத் தறிக்காரன்:

பதிப்பு விடயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘ஸ்கவுண்ட்ரல் டேய்ஸ்’தான் சிறந்தது என்பதை ஏற்கமாட்டேன், சேர். ‘த சன் ஆல்வேய்ஸ் ஷைன்ஸ் ஒன் ரீவி’ இருப்பது முதல் அல்பத்தில். அந்தப் பாட்டு மெதுவாகத் தொடங்கி, பிறகு கதவை உதைத்துக்கொண்டு வருவதுபோல் எழும் இடத்தில் எங்கள் இரட்டைக் கசெற் ரேப்பின் ஸ்பீக்கர் கிழிந்தது. வாப்பா மறுபடி குவைத்துக்குப் போகும்வரை அதைத் துணிபோட்டு மறைத்து வைத்திருந்தேன். ஸ்பீக்கரைக் கிழிக்காத அல்பத்தை நான் எப்படிச் சிறந்தது என்று சொல்வது?

அரசடிக் கீபோர்ட்காரன்:

நானும் தம்பியின் பக்கந்தான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தங்கச்சி, நீங்கள் சொன்னதோடு கணக்குச் சரியாகிவிட்டது. உழவு இயந்திரத்தின் பற்றறி பெரியது. பாட்டைப் போட்ட ரேப் ஒரே சீராக ஓடியிருக்கும். அண்ணாவின் ரேப்பில் இருந்தவையோ வெயிலில் உயிர்கொடுத்த பற்றறிகள். அவை பாட்டுக்குப் பாட்டு இறங்க இறங்க, பதிந்த சுருதி பாட்டுக்குப் பாட்டு ஏறியிருக்கிறது. இரண்டு ரேப்பும் ஒரே அளவில் மெதுவாகியிருந்தால் பாட்டில் இந்தப் பிழை தெரிந்திருக்காது, அண்ணாவின் குரலில் மட்டும் தெரிந்திருக்கும்.

திருத்துவது எளிது. ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில், சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாமல், வேகத்தை மாற்றும் வசதியை எடுங்கள். அதில் வேகமும் சுருதியும் ஒன்றாக இறங்கும், நாடாவில் நடந்ததும் அதுதான். முதற்பாட்டுக்கு 5.6 வீதம் குறையுங்கள், அரைச் சுரம் இறங்கும். மூன்றாவதற்கு ஏறக்குறைய 10.9 வீதம் குறைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே வெட்டிச் செய்யுங்கள். அந்தந்தப் பாட்டுக்கு முன்னால் உள்ள அண்ணாவின் பேச்சை அந்தப் பாட்டோடு சேர்த்தே வெட்டுங்கள். அவருடைய உண்மையான குரலை நான் அறியேன், ஆனால் பாட்டின் சுருதி எனக்குத் தெரியும்; பாட்டுச் சரியானால் அவரும் சரியாவார்.

கல்லடிப் பாலத்தடி:

நேற்றிரவு மகன் செய்து முடித்தான்.

அண்ணா 1990 ஜூனில் வீட்டிலிருந்து போனவர், திரும்பவில்லை. இதை முதலில் எழுதாமல் விட்டதற்குக் காரணம், நான் கேட்டது பாட்டைப் பற்றி என்பதுதான். எங்களிடம் அவருடைய இரண்டு படங்கள் இருக்கின்றன. குரல் இந்தக் கசெற்றில் மட்டும். அந்தக் குரல் எனக்குச் சிறுபிள்ளைக் குரலாகத் தோன்றியதை, நான் வளர்ந்துவிட்டதால் அப்படிக் கேட்கிறது என்று எண்ணியிருந்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு 10.9 சற்றுக் கூடிவிட்டது, 10.5 இல் பொருந்தியது. “அடுத்ததாக வருவது அமைதியான ஒரு பாட்டு, நேயர்கள் கோழிகளைக் கலைக்காமல் கேட்கவும்” என்கிறார். கனத்த குரல், சொற்களின் முடிவில் மூக்கால் இழுக்கும் அந்த வழக்கமும் இருக்கிறது, அது என் மகனுக்கும் உண்டு. அதற்குப் பின்னால் கீச்சென்று ஏதோ கேட்கும். இதுவரை நாடாவின் இரைச்சல் என்று நினைத்தோம். மெதுவாக்கியபோது அது “நான் கலைக்கல்ல” என்ற சொற்களாகப் பிரிந்தது. நான்தான்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காதில் கருவியைச் சரிசெய்துவிட்டுப் போட்டுக் காட்டினோம். அண்ணா பேசி முடிக்கும்வரை மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டுத் தொடங்கியதும், “இனிச் சத்தத்தைக் குறை மனே, அக்கம்பக்கத்தில் ஆக்கள் இருக்காங்க” என்றார். அந்தக் காலத்தில் அண்ணாவுக்கும் இதையேதான் சொல்வார்.